அச்சமும் மனவடுவும்: இலண்டன் தமிழ் ஏதிலியர் வரலாற்றில் உளச்சிகிச்சைச் சிந்தனை (1983–2019)

முன்னுரை

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக எண்ணி, அவற்றுள் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களை வகுத்துரைக்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இந்நான்கும் அஞ்சுபவருக்குப் புறத்தே உள்ளவை. அச்சம் உள்ளத்தில் எழுகிறது. மெய்யிற் பட்டுப் பிறர்க்குப் புலனாகிறது. அதன் காரணமோ உலகில் நிற்கிறது. இறுதியாகச் சொல்லப்பட்ட ‘இறை’ என்பதற்கு உரையாசிரியர்கள் பொருளை விரித்துரைப்பினும், ஆள்பவரும் அதனுள் அடங்குவர் என்பதில் ஐயமில்லை. தன்னை ஆள்பவரிடத்து ஒருவர் அஞ்சுவதைத் தமிழ் இலக்கண மரபு இயல்பான மெய்ப்பாடாகவே கொண்டது.

1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையும் இந்நான்காவது அச்சத்தையே அடிப்படையாகக் கொண்டது. இனம், சமயம், தேசியம், சமூகக் குழு, அரசியற் கருத்து ஆகியவற்றுள் ஒன்றன் பொருட்டுத் துன்புறுத்தப்படலாம் என்னும் ‘தகுந்த ஆதாரமுள்ள அச்சம்’ உடையவரே அகதி என்று அது வரையறுத்தது. உலகச் சட்ட ஆவணங்களுள் ஒரு மனவுணர்வையே உரிமையின் வாயிலாக வைத்தவை மிகச் சிலவே. ஆகவே அந்த உணர்வை அறிவது எவ்வாறு, அளப்பது எவ்வாறு, அதற்குச் சான்று கூறத் தக்கவர் யார் என்னும் வினாக்கள் எழுவது தவிர்க்கவியலாததாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேலைச் சமூகங்களில் உளவியலின் மொழி மருத்துவமனையைக் கடந்து பள்ளி, தொழிலகம், நீதிமன்றம், குடும்பம் ஆகியவற்றுள் எல்லாம் நுழைந்ததைச் சமூகவியலாளர் பலர் விரிவாக எழுதியுள்ளனர். அமெரிக்கச் சிந்தனையாளர் ஃபிலிப் ரீஃப் 1966 இலேயே அதனைச் சிகிச்சை மனப்பான்மையின் வெற்றி எனக் குறித்தார். இலண்டனில் நிக்கலஸ் ரோஸ், தனிமனிதரின் அகத்தை ஆளும் கலையாக உளவியல் வளர்ந்த வரலாற்றை ஆராய்ந்தார். பிரெஞ்சு அறிஞர்களான டிடியே ஃபஸானும் ரிஷார் ரெக்ட்மனும் மனவடு என்னும் கருத்து புகலிட நடைமுறைக்குள் புகுந்த வகையைக் காட்டினர். இவ்வாய்வுகளுள் இலண்டன் தமிழரின் அனுபவம் உரிய இடம் பெறவில்லை. பிரித்தானியப் புகலிடச் சட்டத்தில் அச்சம் பற்றிய முதன்மையான தீர்ப்புகள் பல ஈழத்தமிழரின் வழக்குகளில் எழுந்தவை. அவற்றை வரிசைப்படுத்திப் பார்க்குமிடத்து, அரசியல் அச்சமாகக் கூறப்பட்டு ஏற்கப்படாத ஒன்று, நோயாகக் கூறப்பட்டபோது செவிமடுக்கப்பட்டது என்னும் உண்மை புலனாகின்றது. அம்மாற்றத்தின் வழியையும், அதனால் பெற்றதையும் இழந்ததையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

அச்சத்தை அளந்த நீதிமன்றம்

1983 ஜூலைப் படுகொலைகளின் பின்னர் ஈழத்தமிழர் பெருந்தொகையாக இலண்டனை நாடினர். அதற்கு முன்னர் அந்நகரில் வாழ்ந்த தமிழர் பெரும்பாலும் மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர், மாணவர் என்னும் வகையினர். புதிதாக வந்தவர்களோ உயிர்காக்க வந்தவர்கள். பிரித்தானிய அரசு 1985 இல் இலங்கைக் குடிமக்களுக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின் குடிமக்கள்மீது இத்தகைய கட்டுப்பாடு விதிக்கப்பட்டது அதுவே முதன்முறை. 1987 பெப்ரவரியில், திருப்பியனுப்பப்படவிருந்த தமிழர்கள் ஹீத்ரோ விமான நிலையத்தில் விமானத்தின் அருகே தம் ஆடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டினர். அதே ஆண்டில், உரிய ஆவணமின்றி வருவோரை ஏற்றிவரும் விமான நிறுவனங்களுக்கு ஆளொன்றுக்கு 1,000 பவுண் தண்டம் விதிக்கும் சட்டமும் நிறைவேறியது.

இச்சூழலிலேயே ஆறு தமிழ் இளைஞர்களின் வழக்கு நீதிமன்றங்களின் முன் வந்தது. அவர்களது புகலிடக் கோரிக்கையை உள்துறை அமைச்சு நிராகரித்திருந்தது. ‘தகுந்த ஆதாரமுள்ள அச்சம்’ என்னும் தொடரை யாருடைய கண்கொண்டு நோக்குவது என்பதே வழக்கின் மையம். 1987 அக்டோபரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், விண்ணப்பதாரர் உண்மையாகவே அஞ்சுகிறார் என்றும், அவர் அறிந்தவற்றை வைத்து நோக்கின் அவ்வச்சம் நியாயமானது என்றும் காணப்படின் அதுவே போதும் என்னும் கருத்தை ஏற்றது. இரண்டே மாதங்களில், டிசம்பர் 16 அன்று, பிரபுக்கள் சபை அத்தீர்ப்பை மாற்றியது. விண்ணப்பதாரர் அஞ்சுவது மட்டும் போதாது. அவர் துன்புறுத்தப்படுவதற்கான நியாயமான அளவு வாய்ப்பு உண்மையில் உண்டா என்பதை, அவர் அறியாத செய்திகளையும் கருத்திற்கொண்டு, புறநிலையில் அளந்தறிய வேண்டும் என்று அது விதித்தது.

இந்த விதியே இன்றளவும் பிரித்தானியப் புகலிடச் சட்டத்தின் அடித்தளம். சட்ட நோக்கில் அதற்கு வலுவான நியாயங்கள் உண்டு. ஆயினும் தொல்காப்பியர் ஒருங்கு வைத்த இரண்டு கூறுகள், அஞ்சுபவரின் மெய்யும் அஞ்சப்படும் பொருளும், இங்கே பிரிக்கப்பட்டன. அச்சத்தின் காரணத்தை அளக்கும் உரிமை அஞ்சியவரிடமிருந்து நீங்கி, தொலைவிலிருந்து நாட்டுநிலை அறிக்கைகளைப் படிக்கும் அலுவலரிடம் சேர்ந்தது.

அவர்களுள் ஐவர் 1988 பெப்ரவரியில் இலங்கைக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். அங்கே மீண்டும் துன்புறுத்தலுக்கு உள்ளானதாக அவர்களுள் சிலர் பின்னர் கூறினர். 1989 மார்ச்சில் குடிவரவுத் தீர்ப்பாளர் அவர்களது அச்சம் ஆதாரமுள்ளதே என்று முடிவு செய்தார். அவ்வாண்டு அக்டோபரில் அவர்கள் பிரித்தானியா திரும்பினர். எனினும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1991 அக்டோபர் 30 அன்று, அவர்களைத் திருப்பியனுப்பியமை உடன்படிக்கையின் மூன்றாம் உறுப்புரையை மீறியதாகாது எனத் தீர்ப்பளித்தது. அதற்கு அந்நீதிமன்றம் கூறிய காரணங்களுள் ஒன்று இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது: ஏனைய தமிழரின் நிலையைவிட, அல்லது ஏனைய தமிழ் இளைஞரின் நிலையைவிட, இவர்களது தனிப்பட்ட நிலை மோசமானது என்று சான்றுகள் காட்டவில்லை.

ஓர் இனம் முழுவதும் அஞ்சும்போது அவ்வச்சம் அவ்வினத்தின் எந்த ஒருவருக்கும் தனியுரிமையாவதில்லை என்பதே இதன் விளைவு. புகலிடம் வேண்டுபவர் தம் மக்களிடமிருந்து தம்மைப் பிரித்துக் காட்டவேண்டியவராயினார். அவ்வாறு பிரித்துக் காட்டும் அடையாளத்தைத் தரவல்ல இடமாக இலண்டனில் அப்போது உருவாகிக்கொண்டிருந்தது சிகிச்சையகம்.

சிகிச்சையகம் தந்த சான்று

உளநோய் என்னும் தீர்மானம் அரசின் வாயிலில் நின்று உரிமை கோருவது தமிழரோடு தொடங்கியதன்று. முதலாம் உலகப்போரில் பிரித்தானியப் படையினரிடையே கண்ட நடுக்கம், பேச்சிழப்பு, நினைவிழப்பு முதலியவற்றை உளவியலாளர் சார்ல்ஸ் மையர்ஸ் 1915 பெப்ரவரியில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ‘எறிகணை அதிர்ச்சி’ என்னும் பெயரால் விவரித்தார். அப்பெயர் விரைந்து பரவியது. அதனோடு ஓய்வூதியக் கோரிக்கைகளும் பெருகின. 1922 இல் போர் அமைச்சின் விசாரணைக் குழு அச்சொல்லையே கைவிடப் பரிந்துரைத்தது. நடுங்கும் படைவீரன் நோயாளியா, கோழையா, நடிப்பவனா என்னும் ஐயம் அன்றே எழுந்தது. 1920 இல் இலண்டனில் தோன்றிய டாவிஸ்டொக் சிகிச்சையகம், படையினருக்குப் பயன்பட்ட பேச்சுச் சிகிச்சையைப் பொதுமக்களுக்கும் கொண்டுவந்தது. 1938 இல் வியன்னாவிலிருந்து நாசிகளுக்குத் தப்பி வந்த சிக்மண்ட் ஃபிராய்டு தம் இறுதி ஆண்டை ஹாம்ஸ்டெட்டில் கழித்தார். நவீன உளச்சிகிச்சையின் தந்தை தாமே இலண்டனில் ஓர் ஏதிலியாக இருந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1980 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தனது நோய்வகைக் கையேட்டின் மூன்றாம் பதிப்பில், நெருக்கீட்டின் பின்னான மனவடு நோயை முதன்முறையாகச் சேர்த்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியோரின் இயக்கம் அதற்குப் பின்னணியாக இருந்தது. அந்நோய்வகையின் தனித்தன்மை யாதெனில், அதன் இலக்கணத்திலேயே புறக்காரணம் ஒன்று இடம்பெற்றிருந்தமை. மனச்சோர்வு உடையவர் ஏன் சோர்ந்தார் என்று கையேடு கேட்பதில்லை. மனவடு நோயிலோ, முன்னர் நிகழ்ந்த கொடுமை ஒன்றை ஏற்காமல் நோயைத் தீர்மானிக்க இயலாது. ஆதலின் மருத்துவரின் கையொப்பம் நோய்க்கு மட்டுமன்றி, ஒருவகையில் நிகழ்ச்சிக்கும் சான்றாயிற்று.

ஹெலன் பாம்பர் 1985 இல் இலண்டனில் நிறுவிய, சித்திரவதைக்கு உள்ளானோர் பராமரிப்புக்கான மருத்துவ அறக்கட்டளை இச்சான்றை முறைப்படுத்தியது. 1945 இல் இருபது வயதில் பெர்கன்–பெல்சன் வதைமுகாமுக்கு நிவாரணப் பணியாளராகச் சென்றவர் அவர். உயிர்தப்பியோருக்கு மருந்துக்கு முன்னர் தேவைப்படுவது தம் சொல்லைக் கேட்கும் ஒருவர் என்பது அங்கே அவர் கற்ற பாடம். அவரது நிறுவனம் உளவளத்துணையோடு மருத்துவ–சட்ட அறிக்கைகளையும் தயாரித்தது. தழும்புகள், எலும்புமுறிவுகள், உறக்கமின்மை, திடுக்கிட்டு விழித்தல், மீளமீள எழும் காட்சிகள் ஆகியவற்றை மருத்துவர் பதிவு செய்து, அவை விண்ணப்பதாரர் கூறும் வரலாற்றோடு எந்த அளவு பொருந்துகின்றன என்று எழுதினார். ஈழத்தமிழர் அந்நிறுவனத்தை நாடியோருள் முக்கியமான ஒரு பிரிவினர். 2011 இல் அந்நிறுவனம் ‘சித்திரவதையிலிருந்து விடுதலை’ என்னும் பொருளுடைய புதுப்பெயரைக் கொண்டது.

இவ்வறிக்கைகளுக்கு உலகளாவிய அளவுகோலைத் தந்தது 1999 இல் உருவான இஸ்தான்புல் நெறிமுறை. உடற்காயம் ஒன்று கூறப்படும் வதையோடு பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, அத்தகைய வதையில் வழக்கமாகக் காணப்படுவது, வேறெவ்வகையிலும் ஏற்பட்டிருக்க இயலாதது என ஐந்து படிகளை அது வகுத்தது. சித்திரவதையாளன் சாட்சிகளை அகற்றுகிறான். பாதிக்கப்பட்டவரின் உடலை மட்டும் அவனால் முழுமையாக அகற்ற இயலுவதில்லை. அவ்வுடலைப் படிக்கக் கற்ற மருத்துவம் பலருடைய உயிரைக் காத்தது. இந்நன்மையை எவ்வகைத் திறனாய்வும் குறைத்து மதிப்பிடலாகாது.

நோயாக மீண்ட அச்சம்

1987 இல் நீதிமன்றத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட அகநிலை அச்சம், இரண்டு தசாப்தங்களின் பின் வேறொரு வாயிலால் உள்ளே வந்தது. அவ்வாயில் தற்கொலை அபாயம்.

திருப்பியனுப்பப்பட்டால் தம் உயிரை மாய்த்துக்கொள்ளக்கூடும் என்று வாதிட்ட இலங்கையர் ஒருவரின் வழக்கில், மேன்முறையீட்டு நீதிமன்றம் 2005 மே மாதத்தில் ஆறு அளவுகோல்களை வகுத்தது. அவற்றுள் ஐந்தாவது, விண்ணப்பதாரரின் அச்சத்துக்குப் புறநிலை ஆதாரம் உண்டா என்பதைப் பற்றியது. ஆதாரமில்லாத அச்சத்திலிருந்து எழும் அபாயம் கோரிக்கையை வலுவிழக்கச் செய்யும் என்பது அதன் பொருள். 1987 இன் விதி இங்கும் தொடர்ந்தது எனலாம்.

2009 ஏப்ரல் 29 அன்று அதே நீதிமன்றம், இலங்கையில் தடுப்புக்காவலில் கொடுமைக்கு உள்ளாகி உளநலம் குன்றியிருந்த உடன்பிறந்தார் இருவரின் வழக்கில் அந்த ஐந்தாம் அளவுகோலைத் திருத்தியது. திரும்பிச் சென்றால் மீண்டும் துன்புறுத்தப்படுவர் என்பதற்குப் புறநிலை ஆதாரம் இல்லை என்பது கீழ்த் தீர்ப்பாயத்தின் முடிவு. ஆயினும் அவர்களது அச்சம் உண்மையானது. முன்னைய கொடுமைகளால் விளைந்தது. அதுவே அவர்களைத் தற்கொலைக்கு இட்டுச்செல்லும் வலிமை உடையது. அவ்வாறாயின், ஆதாரமற்ற அச்சமும் மூன்றாம் உறுப்புரையின்கீழ்ப் பாதுகாப்புக்கு வழியாகலாம் என்று நீதியரசர் செட்லி தலைமையேற்று எழுதிய தீர்ப்பு கூறியது. மேன்முறையீடு வெற்றிபெற்றது.

தீர்ப்பு மனிதநேயம் மிக்கது. எனினும் அதன் தருக்கத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும். விண்ணப்பதாரர் ‘என்னை ஆள்பவரிடத்து அஞ்சுகிறேன்’ என்றபோது, அது உண்மையா என்று உலகை நோக்கி அளக்கப்பட்டது. இல்லை என்று விடை வந்தது. ‘என் அச்சமே என்னைக் கொல்லும்’ என்று மருத்துவர் அவருக்காகக் கூறியபோது, அது ஏற்கப்பட்டது. ஏற்கப்பட்ட அச்சம் இப்போது இலங்கை அரசைப் பற்றிய செய்தி எதையும் கூறுவதில்லை. நோயாளியைப் பற்றிய செய்தியையே கூறுகிறது.

அத்தீர்ப்பு வெளியான நாளில், ஸ்ட்ராண்ட் வீதியிலுள்ள நீதிமன்றக் கட்டடத்திலிருந்து நடந்துசெல்லும் தொலைவில், பாராளுமன்றச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான தமிழர் திரண்டிருந்தனர். வன்னியில் போரை நிறுத்தக் கோரி ஏப்ரல் 6 அன்று தொடங்கிய அப்போராட்டம் 73 நாள்கள் நீடித்தது. அங்கே முதியோரும் மாணவரும் கைக்குழந்தை ஏந்திய தாய்மாரும் உரத்துக் கூறியது ஓர் இனத்தின் அச்சத்தை. அதற்குப் புறநிலை ஆதாரம் இருந்தது என்பதை மே மாதத்தின் முள்ளிவாய்க்கால் காட்டிற்று. ஒரே நகரில், ஒரே கிழமையில், கூட்டாகக் கூறப்பட்ட அச்சம் வீதியில் நின்றது. தனியாளின் நோயாகக் கூறப்பட்ட அச்சம் நீதிமன்றத்தில் வென்றது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது வரலாற்றாசிரியரின் கடன்.

தழும்பின்மீது ஐயம்

எந்தச் சான்று மதிப்புப் பெறுகிறதோ, அச்சான்றின்மீதே ஐயமும் விழும். எறிகணை அதிர்ச்சியின் வரலாற்றில் கண்டது போன்றே, மனவடுவும் தழும்பும் புகலிட வழக்குகளில் வலுப்பெற்றபோது, அவை புனையப்பட்டவையோ என்னும் வினா எழுந்தது. அதன் உச்சம், நீதிமன்ற ஆவணங்களில் ‘கேவி’ என்னும் எழுத்துகளால் மட்டும் குறிக்கப்படும் தமிழரின் வழக்கு.

2011 பெப்ரவரியில் பிரித்தானியா வந்த அவர், இலங்கையில் தடுத்துவைக்கப்பட்டுக் காய்ச்சிய இரும்புக் கம்பிகளால் சுடப்பட்டதாகக் கூறினார். கையிலும் முதுகிலும் தழும்புகள் இருந்தன. முதுகுத் தழும்புகளின் விளிம்புகள் தெளிவாக இருந்தமை, சூடு வைக்கப்பட்டபோது அவர் அசையவில்லை என்பதைக் காட்டிற்று. தாம் அப்போது நினைவிழந்திருந்ததாக அவர் விளக்கினார். மேல் தீர்ப்பாயம் 2014 இல் அதனை ஏற்கவில்லை. புகலிடக் கோரிக்கைக்குச் சான்று தேடி, மயக்க மருந்தின் உதவியோடு, தம் விருப்பப்படியே பிறரைக்கொண்டு அவர் அத்தழும்புகளை ஏற்படுத்திக்கொண்டிருக்கலாம் என்னும் ஊகத்தின் பக்கம் அது சாய்ந்தது. 2017 இல் மேன்முறையீட்டு நீதிமன்றப் பெரும்பான்மையும் அம்முடிவை நிலைநிறுத்தியது. நீதியரசர் ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

2019 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புகளை ஒதுக்கி, வழக்கைப் புதிதாக விசாரிக்கப் பணித்தது. நீதியரசர் வில்சன் எழுதிய தீர்ப்பு இரண்டு கருத்துகளை நிலைநாட்டியது. காயம் எவ்வாறு ஏற்பட்டது என்பதோடு நில்லாமல், அது சித்திரவதை பற்றிய கூற்றோடு பொருந்துகிறதா என்பதையும் மருத்துவர் கருத்துரைக்கலாம் என்பது ஒன்று. பொய்ச்சான்றின் பொருட்டுப் பிறரைக்கொண்டு தன்னுடலைச் சுட்டுக்கொள்வது மிகமிக அரிதாகவே நிகழக்கூடியது என்பதை மனத்திற்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று.

இத்தீர்ப்பு வருவதற்கு எட்டாண்டுகள் சென்றன. அக்காலம் முழுவதும் ஆராயப்பட்டவை ஒரு மனிதரின் தோலில் இருந்த சில அங்குலத் தழும்புகள். அத்தழும்புகளை ஆராய்ந்தோர் எவரும் தீயவர் அல்லர். தமக்கு விதிக்கப்பட்ட வினாவுக்கு விடை தேடினர். ஆனால் வினா அவ்வாறு குறுகியதற்கு ஒரு வரலாறு உண்டு. இனத்தின் நிலை ஒருவருக்குச் சான்றாகாது என்று 1991 இல் விதிக்கப்பட்ட பின், தனியுடல் முழுச் சுமையையும் தாங்கவேண்டியதாயிற்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தனித்தனி நோயாளருக்காக எழுதப்பட்ட அறிக்கைகளைத் தொகுத்து, ‘சித்திரவதையிலிருந்து விடுதலை’ நிறுவனம் 2015 இல் வெளியிட்ட ஆய்வு, 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னரும் இலங்கையில் நிகழ்ந்த 148 சித்திரவதை நிகழ்வுகளை மருத்துவச் சான்றோடு பதிவு செய்தது. தனியுடல்களின் சான்றுகள் ஒன்றுசேர்ந்தபோது மீண்டும் ஓர் இனத்தின் வரலாறாயின. சிகிச்சையின் மொழி அரசியலை எப்போதும் மறைக்கும் என்று எளிதாக முடிவுகட்டுவோர் இவ்வாவணத்தைக் கருதவேண்டும்.

யாழ்ப்பாணத்தின் மறுமொழி

இலண்டனில் மனவடு நீதிமன்றச் சான்றாக வளர்ந்த அதே ஆண்டுகளில், அவ்வேதிலியர் விட்டுவந்த மண்ணில் அக்கருத்து வேறொரு வடிவம் பெற்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் நடுவே நோயாளரைப் பார்த்தவர். 1987 இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய ‘சாந்திகம்’ உளவளத்துணையாளரைப் பயிற்றுவித்தது. நெருக்கீடு, மனவடு, உளவளத்துணை முதலான சொற்கள் அக்காலப் பயிற்சி நூல்களின் வழியே தமிழில் வழக்கூன்றின. இன்று இலண்டன் தமிழ் வானொலியிலும் ஆலய மண்டபக் கூட்டங்களிலும் கேட்கும் உளநலத் தமிழின் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததே.

சோமசுந்தரம் 1998 இல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பு தழும்பேறிய மனங்களைப் பற்றியது. 2014 இல் வெளியிட்டதன் தலைப்பு தழும்பேறிய சமுதாயங்களைப் பற்றியது. தலைப்பின் இம்மாற்றமே அவரது சிந்தனை சென்ற திசையைக் காட்டும். தமிழ்ச் சமூகத்தில் ‘நான்’ என்பது குடும்பத்தோடும் ஊரோடும் பின்னியிருப்பதால், தனியாளின் நோயை மட்டும் அளக்கும் முறை பேரழிவின் உண்மையான அளவைத் தவறவிடும் என்பது அவர் வாதம். இடப்பெயர்வால் ஊர் கலைவதும், அயலவர்மீதுள்ள நம்பிக்கை அறுந்துபோவதும், சடங்குகள் நின்றுபோவதும் கூட்டு மனவடுவின் கூறுகள். துயரத்தைத் தமிழர் உணர்த்தும் வகைகளுள் பெருமூச்சையும் அவர் எடுத்துக்காட்டினார். பெருமூச்சுக்கு எந்த நோய்வகைக் கையேட்டிலும் தனி எண் இல்லை.

இலண்டனிலும் இத்தகைய குரல்கள் எழுந்தன. இலங்கையில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய உளமருத்துவர் சுமன் பெர்னாண்டோ, மேலை உளமருத்துவம் தன் பண்பாட்டு எல்லையை மறந்து பிறரை அளக்கிறது என்று 1980களிலிருந்து எழுதிவந்தார். பாம்பரின் நிறுவனத்திலேயே உளமருத்துவராக இருந்த டெரெக் சமர்ஃபீல்ட், போரின் துயரை நோயாக்குவது அதன் நீதிக்கோரிக்கையை மங்கச் செய்யும் என்று 1999 இலும் 2001 இலும் வெளியிட்ட கட்டுரைகளில் எச்சரித்தார்.

அவ்வெச்சரிக்கையின் பொருளைப் பின்னாளில் ஈழத்துத் தாய்மார் தம் செயலால் விளக்கினர் எனலாம். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் கேட்டது ஆறுதலை அன்று. கொண்டுசெல்லப்பட்ட பிள்ளைகள் எங்கே என்னும் விடையைக் கேட்டனர். உடலின்றி ஈமக்கடன் இல்லை. ஈமக்கடனின்றித் துயருக்கு முடிவும் இல்லை. இத்தகையோரிடம், துயரைக் கடந்து வருமாறு கூறும் உளவளத்துணை, அதன் நல்லெண்ணம் எத்துணையாயினும், மறந்துவிடுமாறு கூறும் அரசின் குரலோடு ஒன்றாகக் கேட்கும் இடர் உண்டு.

நியூஹாமின் வினாத்தாள்

புகலிடம் பெற்ற பின்னரும் சிகிச்சைச் சிந்தனை இலண்டன் தமிழரை விட்டு அகலவில்லை. அது அயலகத்துச் சேவையாக அவர்களிடம் வந்தது. 2006 இல் பொருளியலாளர் ரிச்சர்ட் லேயார்டும் அவர் குழுவினரும் மனச்சோர்வு பற்றிய அறிக்கையை வெளியிட்டு, 10,000 சிகிச்சையாளரைப் பயிற்றுவிக்குமாறு அரசைக் கேட்டனர். குணமடைவோர் வேலைக்குத் திரும்புவதால் செலவு தானே ஈடாகும் என்பது அவர்கள் காட்டிய கணக்கு. அத்திட்டத்தின் முதல் இரண்டு முன்னோடிக் களங்கள் டொன்காஸ்டரும் கிழக்கு இலண்டனிலுள்ள நியூஹாமும். ஈஸ்ட்ஹாம் கடைவீதியும் மேனர்பார்க் முருகன் ஆலயமும் அமைந்த நியூஹாம், தமிழர் செறிந்து வாழும் பகுதி என்பது கூறாமலே விளங்கும்.

நியூஹாமில் ஒரு நல்ல செய்தி தெரியவந்தது. மருத்துவரின் பரிந்துரையின்றித் தாமாகவே வர வழி திறந்தபோது, வந்தவர்களின் இனப் பகுப்பு அப்பகுதி மக்களின் பகுப்போடு மேலும் நெருங்கியிருந்தது. வாயில் அகன்றபோது சிறுபான்மையினர் உள்ளே வந்தனர். 2008 இல் நாடளாவிய நிலைக்கு விரிந்த அத்திட்டம், 2023 முதல் தேசிய சுகாதார சேவையின் பேச்சுச் சிகிச்சைத் திட்டம் என்னும் பெயரால் இயங்குகிறது.

அங்கே வருவோர் நிரப்பும் வினாத்தாளில் மனச்சோர்வு பற்றி ஒன்பது வினாக்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளிகள், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் பெறுபவர் சிகிச்சைக்குரியவராகக் கருதப்படுகிறார். எல்லா வினாக்களும் கடந்த இரண்டு கிழமைகளைப் பற்றியவை. உறக்கம், பசி, களைப்பு, ஆர்வமின்மை ஆகியவற்றை அவை நன்கு கேட்கின்றன. 1983 இல் எரிந்த வீட்டையும் 2009 இல் தொலைபேசியில் நின்றுபோன குரலையும் கேட்பதற்கு அவ்விரண்டு கிழமைகளில் இடமில்லை. வினாத்தாளின் குறை இது என்பதைவிட, எதற்காக அது ஆக்கப்பட்டதோ அதன் எல்லை இது என்பதே பொருந்தும். குறை நேர்வது, அதனையே துயரின் முழு அளவுகோலாகச் சமூகம் ஏற்கும்போது.

முடிவுரை

மேலே கண்ட வரலாற்றில் மூன்று படிகள் தெளிவாகின்றன. அச்சத்தை அளக்கும் உரிமை 1987 இல் அஞ்சியவரிடமிருந்து நீங்கியது. பொது அச்சம் தனியாளுக்குச் சான்றாகாது என்பது 1991 இல் உறுதியானது. அவ்விடைவெளியை மருத்துவம் நிரப்பியது; 2009 இல் அச்சம் நோயாகவும், 2019 இல் தழும்பு நம்பத்தக்க சான்றாகவும் ஏற்கப்பட்டன. சிகிச்சைச் சிந்தனை தானாகப் படையெடுத்து வந்து அரசியலை வென்றது என்று கூறுவதைவிட, சட்டம் மூடிய கதவின் அருகே அது மற்றொரு சிறு கதவைத் திறந்தது என்று கூறுவது வரலாற்றுக்கு நெருக்கமானது. அக்கதவால் வந்தோர் பலர் இன்று உயிரோடிருக்கின்றனர்.

அதன் விலையையும் கூறுதல் வேண்டும். சிறு கதவால் நுழைய ஒவ்வொருவரும் தனித்தே குனிந்து வரவேண்டியிருந்தது. ஓர் இனத்தின் அனுபவம் ஆயிரம் மருத்துவக் கோப்புகளாகப் பிரிந்தது. அக்கோப்புகள் இரகசியம் காக்கும் கடப்பாட்டால் மூடிக்கிடக்கின்றன. இலண்டனில் பிறந்த அடுத்த தலைமுறை தம் பெற்றோரின் மௌனத்தை மனவடு என்னும் சொல்லால் இன்று விளங்கிக்கொள்ள முயல்கிறது. அச்சொல் அவர்களுக்கு இரக்கத்தைத் தருகிறது. காரணத்தைத் தருவதற்கு அதுமட்டும் போதாது. எதற்கு அஞ்சினார்கள் என்னும் வினாவுக்கு விடை வரலாற்றில் உள்ளது. அச்சத்தின் நிலைக்களனைப் புறத்தே தேடிய மெய்ப்பாட்டியல், அவ்வினாவை மறவாதிருக்கக் கற்பிக்கிறது. சாட்சியங்கள் வாழும்போதே, பாதிக்கப்பட்டோரின் இசைவோடு, நீதிமன்றத் தீர்ப்புகளையும் யாழ்ப்பாண உளநல எழுத்துகளையும் ஏதிலியரின் வாய்மொழி வரலாறுகளையும் ஒருங்கே சேர்த்துக் காக்கும் ஆவணப்பணி தமிழியலின் உடனடிக் கடமைகளுள் ஒன்றாகும்.